யாருக்குப் பின் யார்

கோடையில் வற்றிய ஏரிக்குத் தண்ணீர் குடிக்கப் போன புள்ளிமான் குட்டி ஒன்று சேற்றில் புதைந்துவிட்டது. தாய்மான் அலறியதும் காட்டுப்பன்றியும் குரங்கும் யானையும் ஓடி வந்தன. பன்றிக்குச் சேற்றைக் கிளறத் தெரியும். குரங்குக்குக் கொடியைக் கட்டத் தெரியும். யானைக்கு இழுக்கத் தெரியும். மூன்றும் ஒரே நேரத்தில் வேலையைத் தொடங்கின. பன்றி சேற்றைத் தளர்த்தி முடிப்பதற்குள் யானை கொடியை இழுத்தது. குட்டியின் வயிற்றைச் சுற்றிக் குரங்கு கட்டிக்கொண்டிருந்த கொடி கழுத்துக்கு நழுவி இறுகியது. குட்டி பிழைக்கவில்லை.

“என் வேலையை நான் சரியாகத்தான் செய்தேன்” என்று மூன்றுமே சொல்லிவிட்டுப் போயின. அது பொய்யும் இல்லை.

பத்து நாள் கழித்து அதே சேற்றில் ஒரு கடமான் கன்று சிக்கியது. மூன்றும் மறுபடி வந்தன. யானை கொடியைப் பிடித்தபோது, குட்டியை இழந்த அந்தத் தாய்மான் அதன் முன்னால் வந்து நின்றது.

“பொறு. முதலில் பன்றி.”

“இழுப்பதற்கு நீ எனக்குச் சொல்லித்தரப் போகிறாயா?” என்று யானை கோபமாகக் கேட்டது.

“எப்படி இழுப்பது என்பது உன் பாடு. எப்போது என்பதை மட்டும் நான் சொல்கிறேன்.”

பன்றி கால்களைச் சுற்றிக் கிளறி முடித்து விலகியது. பிறகுதான் மான் குரங்கை அழைத்தது. முடிச்சுப் போட்டுக் குரங்கு கையை எடுத்ததும் யானையைப் பார்த்து, “இப்போது இழு” என்றது. கன்று சேறு வழிய வெளியே வந்து தள்ளாடி நின்றது.

யானை கொடியைக் கீழே போட்டது. பிறகு, “இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாமே” என்றது.

“அன்றைக்கு எனக்கும் தெரியாது” என்றது மான்.