மாசி மாதத் தும்மல்

"அந்த ஜன்னலைச் சாத்துங்கோன்னா. தெருவுல இருக்கற பூத்தூள் பூரா உள்ள வரது," என்றாள் ருக்மிணி.

சுந்தரராமன் ஈரத்துணியும் கையுமாகத் தரையில் உட்கார்ந்தபடியே எட்டிச் சாத்தினார். வெடிமருந்துத் தொழிற்சாலையில் ராத்திரி ஷிப்டு முடித்து வந்தவர் இன்னும் படுக்கவில்லை.

"சோபாக்கு அடியில தொடைச்சேளா?"

"ரெண்டு தரம் தொடைச்சாச்சு. இன்னொரு தரம்னா என்னால எழுந்துக்க முடியாது."

புனே கட்கியின் அந்தச் சின்னக் குவார்ட்டர்ஸில் இனிக் கழற்றுவதற்கு ஒன்றும் இல்லை. திரைச்சீலைகள் போய்விட்டன. கம்பளம் பக்கத்து வீட்டில். பஞ்சுத் தலையணைகள் பரண் மேல். ஊதுபத்தி கிடையாது, சுவாமி படத்துக்குப் பூ கிடையாது. எண்ணெய்ப் புகை ஆகாதென்று பஜ்ஜி கூடப் போடாமல், கடையிலிருந்து பாகர்வடி வாங்கி வைத்திருந்தாள் ருக்மிணி.

எல்லாம் மகள் சஹானாவின் மூக்குக்காகத்தான். பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் காபித் தட்டை வைத்துவிட்டு, கர்ச்சீப்பால் முகத்தை ஒற்றிக்கொள்வாள். உடனே ஆரம்பித்துவிடும் தும்மல். கண் சிவந்து மூக்கு ஒழுகி, பெற்றவர்களுக்கே பார்க்கச் சகிக்காது. போன மாசியில் வந்த பேங்க் மாப்பிள்ளையும் சரி, அதற்கு முந்தின பங்குனியில் வந்த காலேஜ் வாத்தியாரும் சரி, 'பொண்ணுக்கு ஏதோ உடம்பு போலிருக்கு' என்று நழுவிவிட்டார்கள்.

"எப்பவுமே இப்படியா?" என்று டாக்டர் கேட்டார். "இல்ல, மாசி பங்குனியில மட்டும்தான்," என்றாள் ருக்மிணி. அப்படியானால் பூக்களின் மகரந்தம்தான் என்று சொல்லி, தூசி, புகை, வாசனை எதையும் வீட்டுக்குள் விடாதீர்கள் என்று அனுப்பினார்.

இன்றைக்கு லோஹேகாவிலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள். அவர்களாகவே கேட்டு வந்த வரன். சஹானாவைப் போலவே பையன் ஷ்ரேயஸுக்கும் ஹிஞ்சேவாடியில் சாப்ட்வேர் வேலை. இதுவும் தட்டிப்போனால் புனே முழுக்க 'சீக்காளிப் பெண்' என்று பேர் பரவிவிடும். அதை நினைத்து அழக்கூட ருக்மிணிக்குத் தெம்பு இல்லை.

"போதும்மா, கொஞ்சம் உக்காரு. இந்தத் தடவை தும்மல் வராது," என்றாள் சஹானா.

"உன் மூக்கு நீ சொன்னா கேக்குமாடி? பேசாம போய்ப் புடவையைக் கட்டிக்கோ."

அவர்கள் வந்தார்கள். மொட்டைச் சுவரையும் பூவில்லாத சுவாமி படங்களையும் பையனின் அம்மா ஒரு சுற்று பார்த்தாள். சஹானா காபியோடு வந்ததும் அந்த அம்மாளின் முகம் சுருங்கியது.

"என்ன மாமி, நல்ல நாளும் அதுவுமா பொண்ணு தலையில ஒரு பூ இல்ல?"

"அது... பூக்காரி இன்னிக்கு வரலை," என்று மென்று விழுங்கினாள் ருக்மிணி.

"அதனால என்ன? நாங்கதான் வாங்கிண்டு வந்திருக்கோமே. இங்க வாம்மா." தடுப்பதற்குள் பையிலிருந்து மல்லிகைப் பந்தை எடுத்து, சஹானாவின் தலை நிறைய வைத்துவிட்டாள்.

ருக்மிணி மகளின் மூக்கையே பார்த்தாள். சுந்தரராமன் கண்ணை மூடிக்கொண்டார். எல்லா ஜன்னலும் சாத்திய அறையில் மல்லிகை வாசனையில் மூச்சு முட்டியது. இதோ வரப்போகிறது, இதோ வரப்போகிறது என்று இருவரும் செத்துப் பிழைத்தார்கள். ஷ்ரேயஸ் தலை நிமிராமல் காபியைக் குடித்து முடித்தான். தும்மல் வரவே இல்லை.

"எங்களுக்குப் பரிபூரண சம்மதம்," என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள்.

சுந்தரராமன் அப்படியே தரையில் சாய்ந்தார். "பாத்தியா? நான் தொடைச்சது வீண் போகலை."

ருக்மிணிக்கு மட்டும் மனசு ஆறவில்லை. "தலை கொள்ளாத மல்லி, காத்தே இல்லாத ரூம். எப்படிடி உனக்குத் தும்மல் வரலை?"

சஹானா அம்மாவின் கையைப் பிடித்து மெல்ல உட்கார வைத்தாள்.

"ரெண்டு வருஷமா கம்பெனி வண்டியில என் பக்கத்து சீட்டுலதாம்மா ஷ்ரேயஸ் வரார். அவர் முன்னாடி போய் நான் எதுக்கு கர்ச்சீப்புல மிளகுப்பொடி வெச்சுக்கணும்?"