இணைப்பில் காத்திருக்கவும்

“எடுத்துடு ராஜா. என் செல்லமில்லே, ஒரே ஒரு தடவை எடுத்துடு.”

போனைக் கன்னத்தோடு அணைத்துக்கொண்டு சிட்டு கெஞ்சிய கெஞ்சலைப் பார்த்து, மருந்துச் சீட்டு வாங்க நின்றிருந்த அம்மாளுக்கே வெட்கமாகிவிட்டது. “வீட்டுக்காரரோட சண்டையா கண்ணு? விட்டுப் பிடி, தானா வருவாரு,” என்று புத்தி சொல்லிவிட்டுப் போனாள்.

வீட்டுக்காரராவது கத்தரிக்காயாவது. சிட்டு கெஞ்சிக்கொண்டிருந்தது இன்சூரன்ஸ் கம்பெனியிடம். அங்கேயும் ஆள் பேசவில்லை. ஒரு பாட்டு, நடுநடுவே ‘இணைப்பில் காத்திருக்கவும்’ என்று ஒரு பதிவுக் குரல், மறுபடி அதே பாட்டு.

அந்தச் சின்னக் கிளினிக்கில் வரவேற்பு, கோப்பு, இன்சூரன்ஸ் மூன்றுக்கும் அவள் ஒருத்திதான். ஓர் இடத்தில் நிற்காமல் பறப்பதால் டாக்டரம்மா வைத்த பெயர் சிட்டு. இன்றைக்கோ அவள் கால் தரையிலேயே பாவவில்லை. அக்காவைப் பிரசவத்துக்குச் சேர்த்திருக்கிறார்கள், எந்த நிமிஷமும் இவள் சித்தி.

“கடைசி பேஷன்ட்டோட இன்சூரன்ஸ் செல்லுமான்னு கேட்டு ஏத்திட்டு, உடனே பறந்துடு. கேக்காம மட்டும் போயிடாதே,” என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். கேட்காமல் ஒருவரை உள்ளே விட்டுவிட்டு, போன மாதம் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும்.

கடைசி பேஷன்ட் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். கழுத்தைச் சுற்றி மஃப்ளர், அடியோடு கட்டிப்போன தொண்டை. பாவம், வாயில்லாப் பூச்சி. அவருடைய கோப்பில் எல்லாம் ஏற்றியாகிவிட்டது, செல்லுமா செல்லாதா என்ற ஒன்றைத் தவிர.

“உங்க கம்பெனில இதைப் பாத்துச் சொல்றதுக்குன்னு இருக்கறதே ஒரே ஒருத்தருதாண்ணே,” என்று சிட்டு அவருக்குச் சமாதானம் சொன்னாள். “மத்த நாள்ல மணி அடிக்கறதுக்குள்ள எடுத்துடுவாரு. இன்னிக்குன்னு பாத்து என்ன கேடோ.”

அவர் பரபரவென்று எழுந்து வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது.

“ஐயையோ, பேசாதீங்கண்ணே. இருக்கறதும் போயிடும். உக்காருங்க.”

அவர் போனைக் காட்டினார். பிறகு தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

“ஆமாண்ணே, உங்களுக்காகத்தான் இந்தப் பாடு படறேன். நீங்க கவலைப்படாதீங்க.”

அவர் இல்லை இல்லை என்று தலையை ஆட்டிவிட்டு, நெஞ்சில் படபடவென்று தட்டினார்.

“நெஞ்சும் வலிக்குதா? முதல்லயே சொல்ல வேண்டாமா?” என்று அதையும் கோப்பில் ஏற்றினாள் சிட்டு. அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். “தலைவலி வேறயா?” அதுவும் ஏறியது.

அப்போது அவள் செல்போன் அலறியது. அத்தான்.

“சித்தியம்மா, பொண்ணு பொறந்திருக்கு. மூக்கு அப்படியே உன்னோடது.”

சிட்டு சுழல்நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாகப் பொத்துக்கொண்டு வந்தன. “டாக்டரம்மா, நான் சித்தியாயிட்டேன்,” என்று கூவினாள்.

“நல்லாயிருடி. அந்தக் கடைசி ஆளு என்ன ஆச்சு?” என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

இந்தக் காதில் இன்னும் அதே பாட்டு. சந்தோஷமும் தாங்கவில்லை, ஆத்திரமும் தாங்கவில்லை அவளுக்கு. “யோவ், எங்கய்யா போய்த் தொலைஞ்சே? அங்க எங்க வீட்டுக் குட்டி கண்ணு முழிச்சு சித்தி எங்கேன்னு தேடிட்டிருக்கும். நீ எங்க குந்திக்கிட்டு காப்பி குடிக்கறே?” என்று பாட்டோடு மல்லுக்கு நின்றாள்.

மஃப்ளர்காரருக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. மேஜையருகே வந்து, அவள் கையிலிருந்த போனை வாங்கிக் கீழே வைத்தார். அவளுடைய தண்ணீர்ப் பாட்டிலை எடுத்து ஒரு மடக்குக் குடித்தார். செருமிச் செருமி, மிச்சமிருந்த குரலையெல்லாம் ஒன்றுசேர்த்தார்.

“யாரும் எடுக்க மாட்டாங்கம்மா. இன்னிக்கு நான் லீவு.”