தொட்டிக்குள் டிரைவர்

பகல் பதினொன்றே கால். தொட்டித் தண்ணீரில் சில்லிப்பு இன்னும் போகவில்லை.

மேல்பாகம் அறுத்த பிளாஸ்டிக் தொட்டி. காலையில்தான் வேனில் வந்து இறங்கியது. கூடவே ஒரு வீடியோக்காரர், ஒரு வெள்ளை அங்கி, மிஷன் தலைமையகத்து மேற்பார்வையாளர்.

யாருக்கு ஞானஸ்நானம் என்று போதகர் கேட்டார்.

மேற்பார்வையாளர் தன் டிரைவரைப் பார்த்துத் தலையசைத்தார். டிரைவர் சட்டையைக் கழற்றி அங்கியை மாட்டிக்கொண்டு தொட்டிக்குள் இறங்கினான். சொன்ன சொல் தட்டாத ஆள்.

போதகர் முடியாது என்றார்.

மேற்பார்வையாளர் கோபப்படவில்லை. பல் குத்திக்கொண்டே விளக்கினார். மற்ற பணித்தளங்களில் எல்லாம் அமோக அறுவடை. இங்கே விதைநெல்லும் போச்சு. இத்தனை வருஷத்தில் ஒரு தலைகூட நனையவில்லை. இன்றைக்குப் படம் இல்லையென்றால் மாதக் கடைசியில் அறையைக் காலி செய்ய வேண்டியதுதான்.

டயர் கடைக்குப் பின்னால் இருந்தது அந்த அறை. ஞாயிறுதோறும் மூன்று பேர் வருவார்கள். சலவைக்கடைப் பெண், காது மந்தமான அவள் மாமியார், இரவு வேலை முடிந்து வந்து பாதியில் தூங்கிவிடும் காவலாளி.

போதகர் ஒரு ஞாயிறும் பிரசங்கத்தைச் சுருக்கியதில்லை. மாமியாருக்காக உரக்கப் பேசுவார். காவலாளி கண்ணயர்ந்ததும் குரலைத் தாழ்த்திக்கொள்வார்.

அந்தத் தொட்டியில் முக்கி எடுக்க வேண்டிய ஆள் டிரைவர் இல்லை என்று போதகரின் மனைவி பின்வாசலில் நின்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள்.

அக்காவுக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று மேற்பார்வையாளர் சிரித்தார்.

போதகருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செருப்பை உதறிவிட்டுத் தொட்டிக்குள் இறங்கினார், டிரைவரை வெளியே இழுக்கத்தான்.

வீடியோக்காரர் அதையும் எடுத்தார்.

டிரைவர் அசையவில்லை. ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, கண்ணை மூடி, முழங்காலை லேசாக மடக்கி நின்றான். முடிதிருத்துபவரிடம் தலையைக் கொடுத்தவன் மாதிரி.

அந்த நிற்பு போதகரை இன்னும் கிளறிவிட்டது. இது என்ன விளையாட்டா? விசுவாசம் உண்டா என்று கேட்காமல் கொடுக்கிற காரியமா இது? கேட்டால் இவன் வாயடைத்துப் போவான். படமும் பாழாகும். பாழாகட்டும்.

டிரைவரின் தோளைப் பிடித்து உலுக்கினார்.

“இயேசுவை உன் ரட்சகரா விசுவாசிக்கிறியா? மனசாரச் சொல்லு.”

டிரைவர் கண்ணைத் திறந்தான்.

ஆமாம் என்று சொல்லச் சொல்லி மேற்பார்வையாளர் அவசரமாகச் சைகை காட்டினார். கேமரா ஓடிக்கொண்டிருந்தது.

டிரைவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. மூக்கிலிருந்து கையை எடுத்தான். போதகருக்கு மட்டும் கேட்கும்படி பேசினான்.

“இதுவரைக்கும் ஒம்போது ஊர்ல முங்கிட்டேன் ஐயா. ஒருத்தரும் இதக் கேட்டதில்ல. இப்ப ஆமான்னு சொன்னா, நிஜமாவே குடுப்பீங்களா?”