துணைக் கேள்வி

“இது திட்டற மாதிரியே இல்ல, தங்கச்சி. நலம் விசாரிக்கற மாதிரி இருக்கு” என்றான் அண்ணன்.

மாட்டு டாக்டருக்கு முகம் தொங்கிப்போனது. பல வருடம் மாடுகளுக்கு ஊசி போட்டுவிட்டு, போன தேர்தலில்தான் எதிர்க்கட்சி உறுப்பினராக நாடாளுமன்றத்துக்கு வந்தவள். ஆளுங்கட்சிக்காரர்கள் கிண்டலாக வைத்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. மறுநாள் கேள்வி நேரத்தில் உயர்கல்வி அமைச்சரை அவள் ஒரு பிடி பிடித்தாக வேண்டும். அதற்காகத்தான் பெரியப்பா மகன் வீட்டுக்குப் பின்வாசல் வழியாக வந்திருந்தாள். அவளைவிடச் சில மாதங்களே மூத்தவன் என்றாலும், அவையின் நெளிவு சுளிவெல்லாம் அவனுக்கு அத்துப்படி.

அவள் படித்த பல்கலைக்கழகம் இன்று அவள் தொகுதியில் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது. அறிவித்த நிதி வந்தபாடில்லை. கூரை இடிந்த வேதியியல் ஆய்வகத்தைப் பூட்டிவிட்டார்கள். பரிசோதனைகளைப் பிள்ளைகள் கைப்பேசியில் பார்த்துவிட்டுத் தேர்வு எழுதினார்கள். ஓய்வுபெற்றுப் போன பேராசிரியர்களின் நாற்காலிகளில் தூசிதான் உட்கார்ந்திருந்தது.

“‘அரசின் தீவிரப் பரிசீலனையில் உள்ளது’ன்னுதான் பதில் வரும். கேட்டுட்டு உக்காந்துடாத. துணைக் கேள்வி போடு. பரிசீலனை பண்ற மேசை எந்த அறையில இருக்குன்னு கேளு.”

அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தான். “இப்ப நான்தான் அமைச்சர். திட்டு.”

“மாண்புமிகு அமைச்சர் அவர்கள் சற்று அலட்சியமாக...”

“சற்றெல்லாம் வேண்டாம். தூங்குமூஞ்சின்னு சொல்லு.”

அவைக்குறிப்பிலிருந்து நீக்கிவிடுவார்களே என்று அவள் தயங்கினாள். நீக்கட்டும், நீக்கின வார்த்தையைத்தான் ஊரே பேசும் என்றான் அவன்.

காபி கொண்டுவந்த அண்ணி, இவரைத் திட்டுவதற்கு வெளியிலிருந்து ஆள் வரவழைக்க வேண்டுமா, வீட்டிலேயே ஒருத்தி இருக்கிறேனே என்று கேட்டுவிட்டுப் போனாள்.

“வாய் அமைச்சரைத் திட்டட்டும்” என்றான் அண்ணன். “கண்ணு மட்டும் நிதி அமைச்சர் மேலயே இருக்கட்டும். கஜானா சாவி அங்கதான் இருக்கு.”

“பாவம்ணா. இதுக்கு மேல திட்டினா மானம் போயிடும்.”

“போகட்டும். அப்பத்தான் பணம் வரும்.”

மறுநாள் அவையில் எழுந்து கேள்வியைக் கேட்டாள். உயர்கல்வி அமைச்சர் தாளைப் பார்த்து, தீவிரப் பரிசீலனை என்று வாசித்தார். மேசை எந்த அறையில் என்று அவள் கேட்டதும் ஆளுங்கட்சிக்காரர்களே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். தூங்குமூஞ்சி என்றபோது சபாநாயகர் மேசையைத் தட்டி, அந்தச் சொல்லை நீக்கினார்.

அதன் பிறகு அவள் பேசியது யாரும் சொல்லிக்கொடுத்ததல்ல.

“வேதியியல் மூணாம் வருஷம் படிக்கற பொண்ணு என்கிட்டக் கேட்டா, அமிலம் எப்படி வாசனை அடிக்கும் மேடம்னு. அவளுக்கு நான் என்ன பதில் சொல்லட்டும்?”

அமைச்சர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பிரதமர் நிதி அமைச்சர் பக்கம் சாய்ந்து என்னவோ கடுகடுத்தார். விளக்கெண்ணெய் குடித்த முகத்தோடு நிதி அமைச்சர் எழுந்து, முழுத் தொகையும் இந்த மாதமே தரப்படும் என்று அவைக்கு வாக்குக் கொடுத்தார். எதிர்க்கட்சி வரிசை மேசைகளைத் தட்டி நொறுக்கியது. உறுப்பினரின் தடித்த வார்த்தைகளை வன்மையாகக் கண்டிப்பதாக உயர்கல்வி அமைச்சர் பொரிந்து தள்ளிவிட்டு விறுவிறுவென்று வெளியேறினார்.

அவை கலைந்து அவள் லிஃப்டுக்குப் போனால், உள்ளே அதே அமைச்சர் தனியாக நின்றிருந்தார். வெளியே நிருபர்கள் பார்த்துக்கொண்டிருக்க, இருவரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டார்கள். கதவு மூடியது.

“ரெண்டு வருஷமா அமைச்சரவையில கெஞ்சிப் பாத்துட்டேன், அந்த மனுஷன் பைசா குடுக்கல. நீ திட்டி முடிக்கறதுக்குள்ள வந்துடுச்சு பாரு, தங்கச்சி” என்றான் அண்ணன்.