அரிசி வாளிக்குள் இருந்த பேப்பர்

“அன்ரி, நெஞ்சை அமத்த வேண்டாம், கரண்ட் குடுக்க வேண்டாம் எண்டு இவர் ஏதும் பேப்பர் எழுதி வச்சிருக்கிறாரோ? இருந்தால் இப்பவே காட்டுங்கோ.”

ஆம்புலன்ஸில் வந்த இருவரில் ஒருவன் தமிழனாக இருந்தது மாக்கிரட்டின் கெட்ட காலம். சட்டையில் நிஷான் என்று பெயர் இருந்தது. பிரெஞ்சில் கேட்டிருந்தால் விளங்காத மாதிரி நின்றிருக்கலாம். தமிழில் கேட்டால் எங்கே ஒளிவது?

“இல்லைத் தம்பி,” என்றாள்.

பிரெஞ்சு பேசும் நகரத்தின் லாசால் பகுதியில் மூன்றாம் மாடி வீடு. குசினி நிலத்தில் அவளுடைய கணவர் செபமாலை மல்லாந்து கிடந்தார். காலைத் தேத்தண்ணிக்குக் கை நீட்டியவர் அப்படியே சரிந்துவிட்டார். ஆம்புலன்ஸ் வரும்வரை, அவசர உதவிக்காரர் போனில் சொல்லச் சொல்ல, அவளேதான் அவர் நெஞ்சை அழுத்தினாள். இப்போது நிஷானோடு வந்த வெள்ளைக்காரப் பெண் அழுத்திக்கொண்டிருந்தாள்.

நிஷான் மெசினின் ஒட்டுகளை நெஞ்சில் ஒட்டியபடியே சட்டத்தைச் சொன்னான். பேப்பர் இல்லையென்றால் அவர்கள் போராடத்தான் வேண்டும். வேண்டாம் என்று கையெழுத்து வைத்த பேப்பர் இருந்தால் கையை எடுத்துவிட வேண்டும். அது நோயாளியின் விருப்பம். அதை மீற அவர்களுக்கும் உரிமை இல்லை, மனைவிக்கும் இல்லை.

மாக்கிரட் அரிசி வாளியைப் பார்க்காமலிருக்கப் பெரும்பாடு பட்டாள்.

பேப்பர் அதற்குள்தான் இருந்தது. கதவைத் திறக்க ஓடும்போது, பிரிட்ஜில் ஒட்டியிருந்ததைப் பிடுங்கி அரிசிக்குள் புதைத்துவிட்டுத்தான் ஓடினாள்.

எல்லாம் மாசியில் தொடங்கியது. டோர்வல் விமான நிலையத்தில் இருபத்தெட்டு வருடம் பெட்டி தூக்கிய செபமாலைக்கு அப்போது இரண்டாவது மாரடைப்பு வந்து தேறியிருந்தது. அண்ணன் மரியதாசன் மூன்று மாதம் குழாய்களோடு கிடந்து இறந்ததை அவர் மறக்கவில்லை. டொக்டரிடம் போய், இதயம் நின்றால் என்னை எழுப்ப வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்தும் வைத்துவிட்டு வந்தார். நாற்பத்து நாலு வருடம் கூட வாழ்ந்தவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மாக்கிரட் அதை அவர் கண்முன்னாலேயே நாலாகக் கிழித்தாள்.

“என்னைக் கேக்காமல் போறதுக்கு உங்களுக்கு ஆர் உரிமை தந்தது?”

அதன் பிறகு ஒன்பது நாள் அவள் அவரோடு கதைக்கவில்லை. சோற்றுக் கோப்பையை மேசையில் வைக்கும் சத்தம் மட்டும்தான் அந்த வீட்டில் கேட்டது.

பத்தாம் நாள் மனிதர் மறுபடி கிளினிக்குக்குப் போனார். முந்தியதைப் போலவே நீலக் கோடு போட்ட பேப்பரோடு வந்து, பிரிட்ஜில் காந்தம் வைத்து ஒட்டினார்.

“திருப்பி எழுதிக்கொண்டு வந்திட்டன், மாக்கிரட். இதையாவது கிழிக்காதை. ஆம்புலன்ஸ் வந்தால் கட்டாயம் காட்ட வேணும்.”

செபமாலை எதையும் இரண்டு வரிக்கு மேல் விளக்குகிற ஆள் இல்லை. அவளும் கேட்கிற மனநிலையில் இல்லை. பிரெஞ்சில் இருந்த அதை யாரிடமும் கொடுத்து வாசிக்கச் சொல்லவும் இல்லை. பால் எடுக்கப் போனாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் பிரிட்ஜைத் திறந்தாள். ஆனால், காட்டுகிறேன் என்று அன்றைக்குத் தலையாட்டியிருந்தாள்.

மெசின் ஒருமுறை அடித்தது. செபமாலையின் உடம்பு துள்ளி விழுந்தது. பலன் இல்லை. அந்தப் பெண் மறுபடி அழுத்தத் தொடங்கினாள்.

வாய் திறந்து ஒன்றும் சொல்ல முடியாமல் கிடக்கிற மனிதரை ஏமாற்றுகிறோமே என்று மாக்கிரட்டுக்கு மனம் சுட்டது. அவர் இருக்க வேண்டும் என்பது அவளுடைய ஆசை. ஆனால் உயிர் அவருடையது.

அவள் வாளிக்குள் கையை விட்டாள்.

“தம்பி, பொய் சொல்லிப்போட்டன்.” நீட்டிய பேப்பரிலிருந்து அரிசி நிலமெங்கும் கொட்டியது. “அவர் விரும்பினபடி செய்யுங்கோ.”

சொல்லிவிட்டுக் கண்ணை மூடி மாதாவைக் கூப்பிட்டாள்.

நிஷான் கையெழுத்தையும் திகதியையும் பார்த்தான். அந்தப் பெண்ணிடம் பிரெஞ்சில் ஏதோ சொன்னான். அழுத்துகிற சத்தம் நிற்கும் என்று மாக்கிரட் காத்திருந்தாள். நிற்கவில்லை. மெசின் இரண்டாம் முறையும் அடித்தது.

“துடிக்குது,” என்றான் நிஷான், கழுத்தில் விரல் வைத்தபடி.

மாக்கிரட் சுவரோடு சரிந்து உட்கார்ந்து அழுதாள். அவரை ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போதுதான் அவளுக்குப் பயம் பிடித்தது.

“நான் பேப்பரைத் தந்தனான்தானே, ஏன் தம்பி நிப்பாட்டேல்லை? கண் முழிச்ச உடனை என்னைத்தான் ஏசுவார்.”

நிஷான் அவளை விசித்திரமாகப் பார்த்தான்.

“அன்ரி, நீங்கள் இதை வாசிக்கேல்லையோ? படிவம் ஒண்டுதான், கட்டம்தான் வேறை. எல்லாம் செய்து என்னைக் காப்பாத்துங்கோ எண்ட கட்டத்திலை அங்கிள் அடையாளம் போட்டிருக்கிறார். மாசியிலை எழுதினது இனிச் செல்லாது, மனுசி கேட்டதாலை மனம் மாறிட்டார் எண்டு டொக்டரும் கீழை எழுதியிருக்கிறார்.”

‘திருப்பி’ என்றால் இன்னொருமுறை என்று நினைத்து இத்தனை மாதம் முகத்தைத் திருப்பிக்கொண்டு திரிந்தாள் மாக்கிரட். அந்த மனிதரோ, எழுதியதையே அவளுக்காகத் திருப்பிவிட்டு வந்திருந்தார்.