தொடைக்கேற்ற டைட்ஸ்

வெளியே பெல்ஜியத்து ஃபிளாண்டர்ஸின் நவம்பர்த் தூறல். சைக்கிள் கடையின் மஞ்சள் விளக்கடியில், கோடெலீவ் எவ்வளவு இழுத்தும் பெண்களுக்கான மூன்றாவது சைக்கிள் டைட்ஸும் அவள் தொடையில் ஏற மறுக்கிறது. “வாஃபிள் தின்னுறதைக் குறைடி,” என்று சிரிக்கிறாள் கூடவே சைக்கிள் ஓட்டும் தோழி ஹில்டெ. “வாஃபிளா? தொட்டுப் பாரு. கல்லு ரோட்டு மேடெல்லாம் ஏறின தொடைடி இது.” கடைக்காரர் தயங்குகிறார். “ஆம்பளைங்க அளவுல ஒண்ணு இருக்கும்மா...” “அதுக்கென்ன, கொண்டாங்க!” அது வழுக்கிக்கொண்டு ஏறுகிறது. இங்கே யாரும் டைட்ஸை நிமிர்ந்து நின்று பார்த்து வாங்குவதில்லை. சைக்கிள் ஹேண்டில்பாரைப் பிடிப்பதுபோல் காற்றைப் பிடித்துக்கொண்டு கோடெலீவ் குனிகிறாள். குனிந்தும் இடுப்பு மூடியே இருக்கிறது, முழங்காலில் ஒரு சுருக்கம் இல்லை, துணியின் உட்புறம் வெதுவெதுப்பாக ஒட்டுகிறது. பக்கத்துக் கண்ணாடியில் அவர்கள் சைக்கிள் சங்கத்து வௌட்டர், அதே அளவை மாட்டிக்கொண்டு குனிந்திருக்கிறான். அவன் தொடையில் அது தொளதொளவென்று தொங்குகிறது. கோடெலீவ் நிமிராமலே, தான் கழற்றிப்போட்ட மூன்று பெண்கள் டைட்ஸையும் காலால் அவன் பக்கம் தள்ளுகிறாள். “இதைப் போட்டுப் பாருப்பா. உனக்குக் கச்சிதமா இருக்கும்.”