ஷார்ஜா சாரும் சாரல் காற்றும்

“மேடம், காலையில இருந்து இது ரெண்டாவது தடவை. மெயில் நின்னுபோச்சு. சோதனைக்குக் கொடுத்த கெடு இன்னைக்கோட முடியுது. சாயங்காலத்துக்குள்ள காரணம் சொல்லலைன்னா நாங்க பெங்களூர்ல ஆள் பாத்துக்கிடுவோம்.”

ஸ்பீக்கரில் ஷார்ஜாவிலிருந்து பேசியவர் முகம்மது இஸ்மாயில். அங்கே ஒரு பெரிய கட்டுமான நிறுவனத்தின் கம்ப்யூட்டர் பிரிவைப் பார்த்துக்கொள்பவர். அவர் குரலில் இரக்கம் என்பது மருந்துக்கும் கிடையாது.

“பாத்துருதேன் சார்,” என்றாள் சஃப்ரின்.

தென்காசி பக்கம் மேலகரத்தில் ஒரு வீட்டு மாடியில் நடக்கும் சின்னக் கம்பெனி அது. ஷார்ஜாக்காரர்கள் ஒரே ஒரு கிளையின் மெயிலை மட்டும் இவர்களிடம் கொடுத்துப் பார்த்தார்கள். ஒழுங்காக ஓடினால் மற்ற எல்லாக் கிளைகளும் வரும். அது வரவேண்டும் என்று முதலாளி முத்துச்செல்வம் குலசாமிக்கே நேர்ந்திருந்தார். அவரைவிட அதிகமாக ஆசைப்பட்டவள், சர்வரைப் பார்த்துக்கொள்ளும் சஃப்ரின். பாழாய்ப்போன சர்வரோ, ராத்திரியெல்லாம் சமர்த்தாக ஓடிவிட்டு, அங்கே ஆபீஸ் திறந்து எல்லோரும் ஒன்றாக மெயிலைத் திறக்கும் நேரம் பார்த்து மல்லாந்துவிடும்.

“புளியங்குடி எலுமிச்சம்பழம் ஒண்ணு வாங்கிச் சுத்திப் போட்டுருவோமா?” என்று கேட்டார் முத்துச்செல்வம்.

“கொஞ்சம் சும்மா இருங்க அண்ணாச்சி.”

“இந்த ஆளைக் கட்டுனவ எப்படிக்கா காலந்தள்ளுதா?” என்று கிசுகிசுத்தாள் இசக்கிசெல்வி. வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம்தான் ஆகிறது.

“பாவந்தான்,” என்றாள் சஃப்ரின், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“சார், பிடிபட்டுட்டு. புரோகிராம்ல கோளாறுன்னா ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்துல நிக்கணும். இது மெயில் வாங்கும்போது ஒரு தடவை, டிஸ்க்ல எழுதும்போது ஒரு தடவைன்னு கண்ட இடத்துல நிக்குது. ஆபரேட்டிங் சிஸ்டம் மேல தப்பில்ல. மெமரி கெட்டிருக்கு.”

“அப்ப ராத்திரி மட்டும் எப்படி ஓடுது?”

“காலி பஸ்ஸுல உடைஞ்ச சீட்டு யாரு கண்ணுலயும் படாது சார். கூட்டம் ஏறினாத்தான் யாராவது அதுல உக்காந்து விழுவாங்க.”

மறுமுனையில் வேறு யாரோ சிரித்தார்கள். இஸ்மாயில் சிரிக்கவில்லை.

“எங்க மேனேஜர் பென்னி சார் பக்கத்துல இருந்து கேட்டுக்கிட்டு இருக்கார், மேடம். மெமரியைப் போன வாரம்தானே மாத்துனீங்க? புதுசு எப்படிக் கெடும்?”

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போய்விடுமோ என்று சஃப்ரினுக்கு அழுகையே வந்துவிட்டது.

அடுத்த கேள்வியையும் இஸ்மாயிலே கேட்டார். “அங்க சாரல் ஆரம்பிச்சுட்டா?”

“ஷார்ஜாவுல இருக்கவருக்கு நம்ம ஊர் சாரல் எப்படிக்கா தெரியும்?” என்று வாயைப் பிளந்தாள் இசக்கிசெல்வி.

அதைக் கேட்கச் சஃப்ரின் அங்கே இல்லை. சர்வர் அறைக்கு ஓடியிருந்தாள். உள்ளே ஏசி அணைந்து கிடந்தது. ஜன்னல் ஆவென்று திறந்திருந்தது. குற்றால மலையிலிருந்து வந்த காற்று, கொண்டுவந்த தூறலையெல்லாம் நேராகச் சர்வர் மேல் தூவிக்கொண்டிருந்தது.

“யாரு ஜன்னலைத் திறந்தது?”

முத்துச்செல்வம் தலையைச் சொறிந்தார். “நான்தாம்மா. சீசன் ஆரம்பிச்சதுல இருந்து காலையில வந்ததும் திறந்து வச்சிருதேன். சாரல் காத்து சும்மா வரும்போது ஏசி போட்டா, நம்மள எவனாவது தென்காசிக்காரன்னு சொல்லுவானா? சர்வரும் குளுகுளுன்னு கிடக்கட்டுமேன்னுதான்...”

“அது குளிச்சுல்லா கிடக்கு அண்ணாச்சி!”

மெமரியை உருவிப் பார்த்தாள். அதன் பற்களில் பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தது. ஜன்னலைச் சாத்தி, ஏசியைப் போட்டு, உள்ளே எல்லாவற்றையும் துடைத்துக் காயவிட்டு, கைவசம் இருந்த வேறொரு மெமரியைச் சொருகினாள். நின்றுபோயிருந்த மெயில்கள் அத்தனையும் மடை திறந்தது போல வந்து விழுந்தன. மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு திரையைப் பார்த்தார்கள். சர்வர் கொஞ்சமும் அசராமல் ஒவ்வொன்றாக வாங்கி அனுப்பியது. மத்தியானத்துக்கு மேலும் அது நிற்கவே இல்லை.

சாயங்காலம் போன் வந்தது.

“மேடம், எல்லாக் கிளையும் உங்களுக்குத்தான்.”

முத்துச்செல்வம் போனைப் பார்த்தே கையெடுத்துக் கும்பிட்டார்.

“ஆனா பென்னி சார் ஒரு நிபந்தனை போட்டிருக்கார். எங்க ஆள் ஒருத்தர் உங்க ஆபீஸ்லயே உக்காந்து மேற்பார்வை பாக்கணும். நிரந்தரமா.”

“யாரு சார் வருதாங்க?” சஃப்ரின் போனை நெருங்கி உட்கார்ந்தாள்.

“நான்தான். அடுத்த மாசம் வர்றேன்.”

போனை வைத்ததும் இசக்கிசெல்வி தலையில் கை வைத்துக்கொண்டாள். “போச்சு! இனி தெனமும் இந்த ஆள் மூஞ்சியிலயா முழிக்கணும்?”

திரும்பிப் பார்த்தால், சஃப்ரின் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு விம்மிக்கொண்டிருந்தாள்.

“அழாதீங்கக்கா. ரொம்பப் படுத்துனாருன்னா வேற வேலை பாத்துக்கிடலாம்.”

சஃப்ரின் கண்ணைத் துடைத்துவிட்டு, வீட்டில் இருக்கும் மகளுக்குப் போன் போட்டாள்.

“ஏட்டி ஆஷிகா! உங்க வாப்பா ஷார்ஜாவை விட்டுட்டு வருதாங்கட்டி. இனிமே நம்மகூடத்தான் இருப்பாங்க!”